ஆசிட், காஸ்டிக், தின்னர் கையாளும் ஆட்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது? வீடியோ காட்டிக் கையெழுத்து வாங்கினால் போதுமா?

பிக்லிங்_லைன் (கேள்வி)

உலோகப் பாகங்களைத் துரு நீக்கி, கழுவி, பெயின்ட் அடித்து அனுப்பும் யூனிட். மூன்று ஷிஃப்ட்டுக்கும் சேர்த்து 40 பேர். புழங்கும் சரக்கு: 98 சதவீத சல்ஃப்யூரிக், 33 சதவீத ஹைட்ரோகுளோரிக், 68 சதவீத நைட்ரிக் (மூன்றும் 35 லிட்டர் கேனில்), காஸ்டிக் சோடா செதில், கழிவுநீர்ப் பகுதியில் சோடியம் ஹைப்போகுளோரைட், பெயின்ட் பகுதியில் டொலுயீன் கலந்த தின்னர், 200 லிட்டர் டிரம்மில்.

இப்போது உள்ள பயிற்சி இவ்வளவுதான்: சேரும் நாளில் 45 நிமிட வீடியோ, 10 கேள்வி, 8 சரியானால் பாஸ், ஒரு கையெழுத்து. எஸ்.டி.எஸ். (ஒவ்வொரு கெமிக்கலுக்கும் சப்ளையர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாள்) கோப்பு ஸ்டோரில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. இதை முழுக்க மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க நினைப்பவை:

1. எஸ்.டி.எஸ்.ஸில் 16 பிரிவு இருக்கிறது. அத்தனையும் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டுமா?
2. ஒருவர் கற்றுக்கொண்டார் என்று எதை வைத்து முடிவு செய்வது?
3. எல்லாருக்கும் ஒரே நீல நைட்ரைல் கிளவுஸ்தான். இது சரியா?
4. பாதிப் பேருக்குச் சரளமாகப் படிக்க வராது. என்ன செய்வது?

---

மஞ்சள்_தொப்பி

கெமிக்கல் வாரியாகப் பாடம் எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். வேலை வாரியாக எடுங்கள். "சல்ஃப்யூரிக் ஆசிட்" என்று தலைப்பு வைத்தால் நிறம், அடர்த்தி, கொதிநிலை என்று போகும். ஆள் தொட்டிப் பக்கம் போய் எந்தக் கையை எங்கே வைப்பது என்பது வரவே வராது. "35 லிட்டர் கேனிலிருந்து தொட்டிக்கு ஆசிட் ஏற்றுவது" என்று வைத்தால் தேவையானது தானாக உள்ளே வந்துவிடும்.

ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கூடவே நடந்து, யார் எதை எப்போது தொடுகிறார் என்று எழுதுங்கள். லாரியிலிருந்து இறக்குவது, ஸ்டோரில் அடுக்குவது, மூடி திறப்பது, தொட்டிக்கு ஏற்றுவது, காஸ்டிக் கரைப்பது, சாம்பிள் எடுப்பது, தொட்டிக்கு வெளியே நின்று அடிமண்டி வாருவது, ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) டோசிங், தின்னரைச் சின்ன கேனுக்கு மாற்றுவது, ஸ்ப்ரே கன் கழுவுவது, துடைத்த காட்டன் வேஸ்ட்டைக் கொண்டுபோய்ப் போடுவது, காலி கேன் கழுவுவது. உங்கள் அளவுள்ள யூனிட்டில் பதினைந்துக்கு மேல் வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் நான்கே விஷயம்: எது தப்பாகும், ஏன், எந்த வரிசையில் செய்வது, தப்பினால் முதல் 10 வினாடியில் என்ன செய்வது.

இரண்டாவதாக உள்ள "ஏன்" என்பதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். "தண்ணீரில்தான் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் அல்ல" என்பதை மனப்பாடமாகச் சொல்வார்கள். அவசரத்தில் மாறிப்போகும். காரணத்தைச் சொன்னால் மாறாது: 98 சதவீத சல்ஃப்யூரிக்கின் அடர்த்தி 1.84. மேலே தண்ணீர் ஊற்றினால் அது கீழே இறங்காது, மேலேயே நிற்கும். இரண்டும் சேரும் மெல்லிய அடுக்கில் வெப்பம் மொத்தமும் கிளம்பி, தண்ணீர் கொதித்து ஆசிட்டை அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். ஆசிட்டைத் தண்ணீரில் விட்டால் அது கீழே இறங்கிப் பரவும், வெப்பத்தை மொத்தத் தண்ணீரும் வாங்கிக்கொள்ளும். வரிசை சரியாக இருந்தாலும் அவசரமாக விட்டால் கொதிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் விடு, கலக்கு, தெர்மாமீட்டர் பார், ஆறவிடு, அடுத்தது. நிறுத்த வேண்டிய வெப்பநிலையைத் தொட்டியின் மேலேயே பெயின்ட்டில் எழுதி வையுங்கள். ஆளின் கைக்கணக்கில் விடாதீர்கள்.

காஸ்டிக்கும் அப்படியே. குளிர்ந்த தண்ணீரில் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும், கலக்கியபடி. மொத்தமாகக் கொட்டினால் அடியில் கட்டியாகிவிடும். பிறகு கலக்கும்போது அந்தக் கட்டி ஒரேயடியாகக் கரைந்து கொதித்து எழும். வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையும் என்று யாராவது ஒரு ஷிஃப்ட்டில் கண்டுபிடித்து வைத்திருப்பார், அவரைத் தேடிப் பிடித்து நிறுத்துங்கள். அலுமினிய வாளியோ கால்வனைஸ் வாளியோ கூடாது. காஸ்டிக் இரண்டையும் அரித்து ஹைட்ரஜனை விடும்.

உங்கள் யூனிட்டில் எனக்கு அதிகம் பயம் தருவது ஹைட்ரோகுளோரிக்கும் ஹைப்போவும். இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கேனில் வரும், இரண்டும் இளமஞ்சளாகத் தெரியும். ஹைப்போ டேங்கில் ஆசிட் போனால் அந்த நிமிடமே குளோரின் வாயு. பயிற்சியில் இதைச் சொல்வது இருக்கட்டும், இரண்டு கேனும் ஒரே இடத்தில் நிற்காதபடி ஸ்டோரைப் பிரித்துவிடுங்கள். இறக்கும் பைப்பின் கப்ளிங்கை வேறு வேறு அளவில் போடுங்கள். தப்பான ஹோஸ் மாட்டவே முடியக்கூடாது. கேனைத் தூக்கிச் சாய்த்து ஊற்றும் வேலை இருந்தால் அதற்குப் பயிற்சி தராதீர்கள், கை பம்ப் வாங்குங்கள். தப்பு செய்ய வழியே இல்லாமல் ஆக்க முடிகிற இடத்தில் அதற்குப் பதிலாக வகுப்பு எடுப்பது வீண்.

எஸ்.டி.எஸ். விஷயம். தொழிலாளிக்கு 16 பிரிவும் வேண்டாம். ஜி.எச்.எஸ். என்ற உலகப் பொது அபாய வகைப்பாட்டு முறையில் வரிசை எங்கேயும் ஒன்றுதான் என்பதால் ஆறு எண்ணைப் பழக்கினால் போதும்: 2 அபாயம், 4 முதலுதவி, 6 சிந்தினால், 7 கையாளுதலும் சேமிப்பும், 8 கிளவுஸ், மாஸ்க் போன்றவை, 10 எதோடு சேரக்கூடாது. தீயணைப்புக் குழுவில் இருப்பவருக்கு 5 கூடுதல். சோதனை எளிது: கோப்பைக் கையில் கொடுத்து "நைட்ரிக் கண்ணில் பட்டுவிட்டது, பக்கத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் விரல் 4-ஆம் பிரிவில் நிற்க வேண்டும். பூட்டிய அலமாரியில் இருந்தால் யாராலும் முடியாது, அதை இன்றைக்கே திறந்து லைன் பக்கத்தில் மாட்டுங்கள்.

லேபிளில் இரண்டு இடத்தில் குழப்பம் வரும். ஒன்று படக்குறி: வெறும் தீச்சுடர் என்றால் எரியும் பொருள், வட்டத்தின் மேல் சுடர் என்றால் ஆக்சிஜனைக் கொடுத்து மற்றதை எரிய வைக்கும் பொருள், உங்கள் நைட்ரிக் அந்த வகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டாவிட்டால் இரண்டும் "நெருப்பு" என்றே பதியும். இன்னொன்று எண்: ஜி.எச்.எஸ்.ஸில் வகை 1 என்றால் மிக மோசம். டிரம்மிலும் டேங்கிலும் ஒட்டும் என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தீப் பாதுகாப்பு அமைப்பு) வைரக் கட்டத்தில் 4 என்றால் மிக மோசம், 0 என்றால் அபாயம் இல்லை. இரண்டு முறையும் ஒரே யூனிட்டில் இருந்தால், "1 போட்டிருக்கிறது, பரவாயில்லை" என்று யாராவது நினைப்பார்.

இரண்டாம் கேள்வி. பத்துக்கு எட்டு என்றால் பாஸ் என்கிறீர்கள், விட்ட அந்த இரண்டு எவை? ஹைப்போ-ஆசிட் கேள்வியை விட்டவரும் பாஸ், லேபிள் நிறத்தை விட்டவரும் பாஸ். இதில் அர்த்தமில்லை. செய்து காட்டச் சொல்லுங்கள். ஆசிட் கேனில் தண்ணீர் நிரப்பி (மேலே "தண்ணீர், பயிற்சிக்கு" என்று பெரிதாக எழுதி), முழு உடுப்போடு, மூடி திறப்பதிலிருந்து கிளவுஸ் கழற்றுவது வரை. ஒவ்வொரு வேலையிலும் 3 அல்லது 4 படியைக் "கட்டாயம்" என்று குறித்து வையுங்கள். அதில் ஒன்று விட்டாலும் தேர்ச்சி இல்லை, மறுபடி. மற்றப் படிகளில் தடுமாறினால் அங்கேயே திருத்திவிட்டு மேலே போகலாம்.

படிக்க வராதவர்களுக்கும் இதுவே வழி. வாயால் கேள்வி, கையால் பதில். படக்குறி பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். மார்பில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு குறி இருக்கிறதே, புற்றுநோய் போன்ற நாட்பட்ட கேட்டுக்கு உள்ளது, அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றாது. சொல்லித்தந்தால்தான் உண்டு. டொலுயீன் கலந்த தின்னர் டிரம்மில் அந்தக் குறி இருக்கும், காட்டுங்கள்.

---

ஒன்பதாம்_நம்பர்_கிளவுஸ்

மூன்றாம் கேள்விக்கு மட்டும் வருகிறேன். ஒரே நீல நைட்ரைல் என்பது உங்கள் யூனிட்டுக்குச் சரிப்படாது.

மெல்லிய டிஸ்போசபிள் நைட்ரைலில் டொலுயீன் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும். கிழியாது, ஓட்டை தெரியாது, கை நனையாது. அதனால்தான் மோசம்: போட்டிருப்பவர் தான் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தோல் வழியாக வாங்கிக்கொண்டிருப்பார். அடர் நைட்ரிக்கும் 98 சதவீத சல்ஃப்யூரிக்கும் அதே கிளவுஸை வேறு விதமாகக் கெடுக்கும், ரப்பரையே அரித்து உரிக்கும். நீர்த்த ஆசிட்டுக்கும் காஸ்டிக் கரைசலுக்கும் தடித்த நைட்ரைல் போதும்.

அடர் ஆசிட்டுக்கு பியூட்டைல் அல்லது தடித்த நியோப்ரீன், நீண்ட கை. அதே பியூட்டைல் டொலுயீனுக்கு ஆகாது. தின்னருக்கு விட்டான் ரப்பர் அல்லது பல அடுக்குப் படலக் கிளவுஸ். படலக் கிளவுஸ் தொளதொளவென்று இருக்கும், பிடி கிடைக்காது. அதை உள்ளே போட்டு மேலே ஒரு நைட்ரைல் போட்டால் பிடி கிடைக்கும். பி.வி.ஏ. கிளவுஸ் டொலுயீனுக்கு அருமையானது, ஆனால் தண்ணீரில் கரைந்துவிடும். உங்களைப் போல் ஈரமான லைன் பக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம்.

இ.என். 374 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ள கிளவுஸ் என்றால் குடுவைப் படத்தின் கீழே ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை சோதித்த கெமிக்கலின் பெயர்க் குறி: எஃப் என்றால் டொலுயீன், கே என்றால் 40 சதவீத காஸ்டிக், எல் என்றால் 96 சதவீத சல்ஃப்யூரிக், எம் என்றால் 65 சதவீத நைட்ரிக். ஸ்டோர்காரருக்கு இந்த நான்கு எழுத்தைச் சொல்லித்தந்தாலே தப்பான கிளவுஸ் உள்ளே வருவது பாதி குறையும். டைப் ஏ என்றால் குறைந்தது ஆறு கெமிக்கலுக்கு 30 நிமிடம் தாங்கியது. டைப் பி மூன்றுக்கு 30 நிமிடம். டைப் சி ஒன்றுக்கு 10 நிமிடம். இந்தச் சோதனை 23 டிகிரியில் நடப்பது. கையின் சூடும் வளைந்து நீளும் வேலையும் சேரும்போது நேரம் குறையும். அதனால் அட்டவணையில் 30 நிமிடம் என்றால் வேலையில் முப்பதையும் எண்ணி உட்காராதீர்கள்.

கழற்றுவதில்தான் கை நனைகிறது. இதற்கு ஒரு நல்ல பயிற்சி: வாளித் தண்ணீரில் ஒளிரும் சாயம் கலந்து, கிளவுஸோடு வேலை செய்யச் சொல்லி, கழற்றச் சொல்லி, பிறகு புறஊதா விளக்கில் கையைக் காட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டில் பச்சையாகத் தெரிவதைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. முறை: தடித்த கிளவுஸை முதலில் கையிலேயே வைத்துக் கழுவு. ஒரு கையின் விரல் நுனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தளர்த்து, மறு கையிலும் அப்படியே. பிறகு உதறாமல் உருவு. வெறும் கை வெளிப்பக்கத்தைத் தொடக்கூடாது.

உடுப்பில் இன்னும் இரண்டு. பேன்ட்டின் கால் கம்பூட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே செருகினால் ஏப்ரனில் வழிந்த ஆசிட் பூட்டுக்குள் இறங்கித் தேங்கும். முகக் கவசம் மட்டும் போதாது, அடியிலிருந்து தெறிக்கும். உள்ளே மூடிய காகிள்ஸ் வேண்டும்.

மாஸ்க்: துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜின் நிறத்தைப் பார்த்து எடுக்கச் சொல்லித்தரும்போது எந்த நாட்டு முறை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பிய முறையில் கரிம ஆவிக்குப் பழுப்பு, ஆசிட் வாயுவுக்கு மஞ்சள், அமோனியாவுக்குப் பச்சை, தூசிக்கு வெள்ளை. அமெரிக்க முறையில் கரிம ஆவிக்குக் கறுப்பு, ஆசிட் வாயுவுக்கு வெள்ளை. அதாவது ஒரு முறையில் தூசிக்கு மட்டும் உள்ள வெள்ளை, இன்னொன்றில் ஆசிட்டுக்கு உள்ளது. இரண்டு பிராண்டை ஒரே ஸ்டோரில் கலந்து வாங்காதீர்கள். தாடி இருந்தால் ஓரம் மூடாது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எந்த கார்ட்ரிட்ஜும் உதவாது, அது வடிகட்டுமே தவிர காற்றைத் தராது.

---

பிக்லிங்_லைன்

ரொம்ப நன்றி சார். கிளவுஸ் எழுத்து விஷயம் எனக்கே புதிது. இன்னொன்று: லைனில் ஒரு ஸ்பில் கிட் இருக்கிறது. 5 கிலோ சோடியம் பைகார்பனேட், ஒரு மூட்டை மரத்தூள், ஒரு மண்வெட்டி. "ஆசிட் சிந்தினால் சோடா தூவு" என்று சொல்லித்தந்திருக்கிறோம். இது போதுமா?

---

பி.எச்._ஏழு

கணக்குப் போட்டுப் பாருங்கள், போதாது என்பது உடனே தெரியும். 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் 1 லிட்டரைச் சமன் செய்யக் கிட்டத்தட்ட 0.9 கிலோ பைகார்பனேட் வேண்டும். 98 சதவீத சல்ஃப்யூரிக் 1 லிட்டருக்கு 3.1 கிலோ. உங்கள் 5 கிலோ ஒன்றரை லிட்டர் சல்ஃப்யூரிக்கோடு தீர்ந்தது. ஒரு 35 லிட்டர் கேன் முழுக்கக் கொட்டினால் 100 கிலோவுக்கு மேல்.

எடை ஒரு பக்கம். அந்த 1 லிட்டர் சல்ஃப்யூரிக் சமனாகும்போது கிட்டத்தட்ட 900 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், வெப்பமும் நுரையும் ஆசிட் தெறிப்பும் கூட. குழியிலோ, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலோ சிந்தியதன் மேல் குனிந்து நின்று சோடா கொட்டுபவர் எதை மூச்சில் இழுப்பார் என்று யோசியுங்கள். சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) பயன்படுத்தினால் எடையும் குறையும் (1 லிட்டருக்கு 2 கிலோ அளவு), வாயுவும் பாதியாகும். ஆனால் அது பைகார்பனேட்டை விடக் காரம் அதிகம், கண்ணில் பட்டால் எரியும். காகிள்ஸ் இல்லாமல் தொடக்கூடாது.

அதனால் அடர் ஆசிட்டுக்கு வரிசை இது. முதலில் ஆட்களை விலக்கு, வடிகாலை அடை. உலர்ந்த மணலாலோ வெர்மிகுலைட் என்ற உறிஞ்சும் கனிமத் துகளாலோ சுற்றிலும் வரப்புக் கட்டு. பிறகு அதே மணலை ஓரத்திலிருந்து நடுவுக்குப் போட்டு ஊறவிடு. பிளாஸ்டிக் மண்வெட்டியால் வாரிப் பிளாஸ்டிக் டிரம்மில் போடு, மூடியை இறுக்காதே. தரையில் மிஞ்சிய ஈரத்துக்குத்தான் சோடா, அதுவும் ஓரத்திலிருந்து, நுரை அடங்க அடங்க. கடைசியாக பி.எச். தாளில் 6 முதல் 9 வரை வந்தபின் கழுவு. சிந்திய அடர் சல்ஃப்யூரிக் மேல் நேராகத் தண்ணீர்க் குழாயைத் திருப்பினால் என்ன ஆகும் என்று மேலே மஞ்சள்_தொப்பி எழுதியிருக்கிறார்.

மரத்தூள் மூட்டையை இன்றைக்கே லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். நைட்ரிக் ஆசிட்டோடு மரத்தூள் சேர்ந்தால் சூடாகிப் பழுப்புப் புகை விட்டுத் தீப்பிடிக்கும். காட்டன் வேஸ்ட், அட்டை, துணி எல்லாம் அப்படித்தான்.

எதைக் கையால் எடுப்பது, எப்போது ஓடுவது என்ற கோடு எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். உங்கள் அளவுக்கு நான் சொல்வது: 1 லிட்டருக்குள், சிந்திய பொருள் எதுவென்று உறுதியாகத் தெரியும், புகை இல்லை, கிட்டும் உடுப்பும் கையில் இருக்கிறது, இன்னொருவர் கூட நிற்கிறார். ஐந்தும் இருந்தால் எடு. ஒன்று குறைந்தாலும் வெளியே போய் மணியடி. ஹைட்ரோகுளோரிக் கேன் உடைந்தாலும், மஞ்சள்-பச்சை நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ புகை தெரிந்தாலும் யோசனையே வேண்டாம், காற்று எதிர்த்து வரும் திசையில் போ.

கேன்கள் நிற்கும் இடத்தில் பண்ட் (கசிந்தது வெளியே ஓடாமல் பிடிக்கும் தடுப்புத் தொட்டி) இருக்கிறதா? பெரிய கேனின் கொள்ளளவில் 110 சதவீதம் கொள்ள வேண்டும். ஆசிட்டுக்கும் ஹைப்போவுக்கும் ஒரே பண்ட் கூடாது. ஹைட்ரோகுளோரிக்கும் நைட்ரிக்கும் கூட ஒன்றாக வேண்டாம், கலந்தால் அதிலும் குளோரின் வரும்.

---

ஈரக்_கை

மேலே எல்லாரும் சொன்னதில் முதலுதவி குறைவாக இருக்கிறது. பயிற்சியிலும் பெரும்பாலும் கடைசி 5 நிமிடத்தில் ஓட்டிவிடுவார்கள்.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் தொடர்ந்து தண்ணீர் என்று எல்லாரும் சொல்வார்கள். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். பயிற்சியில் கடிகாரம் வைத்து 2 நிமிடம் ஐ-வாஷில் (கண் கழுவும் குழாயில்) இமையைக் கையால் விரித்துப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் 40 வினாடியில் தலையைத் தூக்குவார்கள். அப்போதுதான் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கும். காஸ்டிக் என்றால் 15 போதாது, 30 நிமிடமும் அதற்கு மேலும், மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் தொடர வேண்டும். காரம் கண்ணின் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும், ஆசிட்டை விட ஆழமாக.

ஐ-வாஷை அபாய இடத்திலிருந்து 10 வினாடி நடையில், நடுவில் கதவோ படியோ இல்லாமல் வைப்பது ஏ.என்.எஸ்.ஐ. இசட்358.1 என்ற அமெரிக்கத் தர விதி. நிமிடத்துக்குக் குறைந்தது 1.5 லிட்டர், ஷவர் என்றால் கிட்டத்தட்ட 76 லிட்டர், தண்ணீர் 16 முதல் 38 டிகிரிக்குள். வால்வு 1 வினாடிக்குள் திறந்து, கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை திறந்து ஓடவிடுங்கள். இல்லையென்றால் குழாயில் நின்ற துருத் தண்ணீர்தான் முதலில் கண்ணுக்குப் போகும். வெயிலில் கிடக்கும் பைப்பில் தண்ணீர் கொதித்துக் கிடக்கும், அதையும் பாருங்கள். பயிற்சியில் ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக்கொண்டு, சூப்பர்வைசர் பக்கத்தில் வர, தான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஐ-வாஷுக்கு நடக்கச் சொல்லுங்கள். வழியில் பேலட் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தோலில் ஆசிட் பட்டால் சோடாக் கரைசல் தேய்ப்பது தப்பு. தண்ணீர் மட்டும். உடுப்பைத் தலைக்கு மேலே இழுத்துக் கழற்றாதீர்கள், முகத்தில் தேயும், கத்தரியால் வெட்டுங்கள். ஷவர் பக்கத்தில் ஒரு கத்தரி கட்டாயம் தொங்க வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது.

இதை மட்டும் எல்லா சூப்பர்வைசருக்கும் தனியாகச் சொல்லுங்கள்: நைட்ரிக்கின் பழுப்புப் புகையை மூச்சில் வாங்கியவர் முதலில் கொஞ்சம் இருமிவிட்டு "ஒன்றுமில்லை சார், சரியாகிவிட்டது" என்பார். சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் புகை வாங்கியவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது, நன்றாக இருக்கிறார் என்றாலும் மருத்துவமனைக்கு. கையில் எஸ்.டி.எஸ். நகலோடு. சாதாரண ஆசிட் கார்ட்ரிட்ஜும் இந்தப் புகைக்குச் செல்லாது, ஐரோப்பிய முறையில் அதற்கு நீலம்-வெள்ளை நிற வடிகட்டி தனியாக உண்டு.

---

மஞ்சள்_தொப்பி

ஈரக்_கை சொன்னதோடு ஒன்று: தொட்டிக்குள் இறங்கி அடிமண்டி வாரும் வேலையை இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி பெர்மிட், வாயு அளவீடு, மேலே ஆள், மீட்புக் கயிறு எல்லாம் உண்டு. இங்கே எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டியது ஒன்றே: உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் பின்னால் குதிக்காதே, கத்து, மணியடி. இதை மட்டும் மாதாமாதம் சொல்லலாம். கூட வேலை செய்பவர் விழுவதைப் பார்த்தால் கால் தானாக ஓடும், அதைப் பழக்கத்தால்தான் நிறுத்த முடியும்.

தின்னரின் தீ அபாயம் பற்றி யாரும் எழுதவில்லை. டொலுயீனின் தீப்பற்றும் நிலை 4 டிகிரி, அதாவது சாதாரண அறையில் எப்போதும் எரியத் தயாராக இருக்கும் ஆவி மேலே நிற்கிறது. அந்த ஆவி காற்றை விடக் கனம், தரையோடு ஊர்ந்து தூரத்தில் உள்ள வெல்டிங் பொறி வரை போகும். டிரம்மிலிருந்து சின்ன கேனுக்கு விடும்போது ஓட்டத்திலேயே நிலைமின்சாரம் சேரும். உலோக டிரம்மை எர்த்தோடும், டிரம்மைக் கேனோடும் கம்பியால் இணைக்க வேண்டும். கிளிப் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்தால் இணைப்பே இல்லை. கூரான பல் உள்ள கிளிப் போட்டு, பெயின்ட்டைக் கீறி உலோகத்தைத் தொட வையுங்கள். இணைத்த பிறகுதான் வால்வு, வால்வை மூடிய பிறகுதான் கிளிப் எடுப்பது. இது "கட்டாயம்" பட்டியலில் வர வேண்டிய படி. பிளாஸ்டிக் வாளியில் தின்னர் பிடிப்பதை அடியோடு நிறுத்துங்கள், அதற்கு எர்த் கொடுக்கவே முடியாது. பெயின்ட் துடைத்த துணிக்கு மூடியுள்ள உலோகத் தொட்டி, ஷிஃப்ட் முடிவில் காலி செய்ய வேண்டும்.

---

பிக்லிங்_லைன்

இதையெல்லாம் ஒரே நாளில் எடுக்க முடியாது என்று தெரிகிறது. எப்படிப் பிரிப்பது? கான்ட்ராக்ட் ஆட்கள் வாராவாரம் மாறுகிறார்கள், அவர்களை என்ன செய்வது?

---

ஒன்பதாம்_நம்பர்_கிளவுஸ்

முதல் நாள் 2 மணி நேரம்: ஓடும் வழி, மணி, ஐ-வாஷ், ஹைப்போ-ஆசிட், குளிர்பான பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதே. இவ்வளவுதான், அதற்கு மேல் தலையில் நிற்காது. பிறகு அவர் செய்யப்போகும் வேலையின் பக்கத்தை மட்டும், லைனிலேயே, செய்து காட்டி. தேர்ச்சி பெறும்வரை அந்த வேலையைத் தனியாகச் செய்யக்கூடாது. வாரம் ஒரு நாள் ஷிஃப்ட் தொடக்கத்தில் 10 நிமிடம், ஒரே ஒரு விஷயம். ஷிஃப்ட் முடிவில் வைத்தால் எல்லார் மனமும் பேருந்தில் இருக்கும். அடிக்கடி செய்யாத வேலைகள், அதாவது ஸ்பில், ஐ-வாஷ், மாஸ்க் மாட்டுவது, 3 மாதத்துக்கு ஒரு முறை கையால் செய்து பார்க்க வேண்டும். புது கெமிக்கல் வந்தாலும், சப்ளையர் செறிவை மாற்றினாலும், ஏதாவது நூலிழையில் தப்பியிருந்தாலும் அப்போதே மறுபடி.

பதிவேட்டில் "பயிற்சி பெற்றார்" என்று எழுதாதீர்கள். எந்த வேலை, எந்தத் தேதி, யார் பார்த்தார், எந்தக் கட்டாயப் படியில் தடுமாறினார், மறுபடி எப்போது செய்தார். அந்த நான்காவது கட்டம் எல்லாருக்கும் காலியாக இருந்தால் பார்த்தவர் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு முதல் நாள் 2 மணி நேரம் விலக்கில்லை, கெமிக்கல் வேலை தரக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் பெருக்குபவர், இரவுக் காவலர், காலி டிரம் எடுக்க வருபவர் ஆகியோரை மறந்துவிடுவார்கள். காலி டிரம் காலியல்ல. தின்னர் டிரம்மில் அடியில் ஒரு கைப்பிடி மிஞ்சினாலே உள்ளே முழுக்க ஆவிதான், நிறைந்த டிரம்மை விட வெடிக்க வாய்ப்பு அதிகம். அடர் சல்ஃப்யூரிக் வந்த இரும்பு டிரம்மில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் ஆசிட் நீர்த்து, இரும்பை அரித்து, ஹைட்ரஜன் நிறையும். அதைக் கேஸ் கட்டரால் வெட்டினால் மூடி பறக்கும். அதனால் காலி டிரம்முக்கும் பழைய லேபிள் அப்படியே இருக்கட்டும், மூடி மாட்டியே இருக்கட்டும், வெட்டவும் வெல்டிங் வைக்கவும் கூடாது என்று எடுக்க வருபவரிடம் வாயால் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லக் கேட்டபிறகு வண்டியில் ஏற்றுங்கள்.